டோப்போ ஷீட்டில் வெள்ளையாகக் கிடக்கும் ஊர்

2022 மே 14, கேள்வி

ஜூலையில் குடும்பத்தோடு ஓரிகன் மாநிலத்தின் தென்கிழக்கு மூலைக்குப் போகிறோம். ஸ்டீன்ஸ் மலை, ஆல்வர்ட் பாலை, முடிந்தால் மல்ஹியூர் ஏரி. யூ.எஸ்.ஜி.எஸ். என்கிற அமெரிக்க நில ஆய்வு நிறுவனத்தின் டோப்போ ஷீட்களை, அதாவது மேடு பள்ளம் காட்டும் வரைபடத் தாள்களை, இறக்கிப் பார்த்தேன். முக்கால்வாசித் தாள் வெள்ளை. பழுப்புக் கோடு, அங்கங்கே ஒரு பெயர், அவ்வளவுதான். ஒன்றுமே இல்லாத இடத்துக்கு இத்தனை தாள் எதற்கு? போனில் இருக்கும் மேப் போதாதா?

மே 14, இரவு

போதாது. பர்ன்ஸ் ஊரில் பெட்ரோல் போட்டுக்கொண்டு 205-ஆம் நெடுஞ்சாலையில் தெற்கே இறங்கினால் கொஞ்ச நேரத்தில் சிக்னல் போய்விடும். ஃபிரெஞ்ச்கிளென் வரை அறுபது மைல். அங்கே வீடுகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். அது இருக்கும் ஹார்னி கவுன்ட்டியின் பரப்பு 10,200 சதுர மைலுக்கு மேல், நம் கணக்கில் ஏறக்குறைய 26,500 சதுர கிலோமீட்டர். 2020 கணக்கெடுப்பில் ஆட்கள் 7,495. எங்கள் ஊர்த் தேரோட்டத்துக்கு அதைவிடக் கூட்டம் வரும்.

வெள்ளையைப் பற்றி. டோப்போ ஷீட்டில் பச்சை என்றால் மரம் அடர்ந்த இடம். வெள்ளை என்றால் அப்படி மரம் இல்லை என்று மட்டும்தான் பொருள். இங்கே இடுப்பளவு சேஜ்பிரஷ் புதர் கண்ணுக்கு எட்டிய வரை வளர்ந்து கிடக்கிறது. மழை பெய்தால் ஊரே கற்பூரமும் பச்சிலையும் கசக்கின மாதிரி மணக்கும். அதற்குத் தாளில் நிறம் கிடையாது. பாறைக்கும் மண்ணுக்கும் கிடையாது. ஆக நீங்கள் பார்த்த வெள்ளைக்குள் நாலைந்து விதமான நிலம் இருக்கிறது.

மே 15

தூக்கம் வராமல் பழைய தாள்களை விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீங்கள் "பழுப்புக் கோடு, அவ்வளவுதான்" என்று எழுதியது மனசில் உறுத்தியது. அந்தப் பழுப்புக் கோடுதான் விஷயமே.

1:24,000 அளவில் ஓர் அங்குலம் நிலத்தில் 2,000 அடி. அந்தப் பழுப்புக் கோடு ஒரே உயரத்தில் இருக்கும் இடங்களை இணைக்கும் சமஉயரக் கோடு. மலைப் பகுதியில் 40 அடி உயரத்துக்கு ஒன்று. ஸ்டீன்ஸ் மலையின் மேற்குப் பக்கத்தில் விரலை வைத்து நகர்த்திப் பாருங்கள். கோடுகள் விலகி விலகி, சோம்பலாகப் போகும். சாய்வுப் பலகை மாதிரியான ஏற்றம். உச்சி 9,733 அடி. அதைத் தாண்டிக் கிழக்கே விரல் வைத்தால் கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டிப் பழுப்புத் தடவின மாதிரி ஆகிவிடும். கீழே ஆல்வர்ட் பாலை சுமார் 4,000 அடியில் இருக்கிறது. அதாவது ஒரு மைலுக்கு மேல் செங்குத்தான இறக்கம். தரை பிளந்து ஒரு பக்கம் தூக்கி, மறுபக்கம் இறங்கியதால் வந்தது. சுமார் ஐம்பது மைல் நீளத்துக்கு ஒரே துண்டாகச் சாய்ந்து நிற்கிறது. பாறையெல்லாம் ஒரு கோடியே அறுபது லட்சம் வருஷத்துக்கும் முன்னால் ஓடி உறைந்த எரிமலைக் குழம்பு.

அந்தப் பழுப்புத் தடவல் முடியும் இடத்தில் சட்டென்று கோடுகளே இல்லை. அங்கே நான் முதல் தடவை பார்த்தபோது அச்சுப் பிழை என்று நினைத்தேன். பன்னிரண்டு மைல் நீளம், ஏழு மைல் அகலம், ஒரு கோடு கூட ஓடாத சமதரை. அதுதான் ஆல்வர்ட். மழை வருஷத்துக்கு ஏழு அங்குலம்.

மே 15, பத்து நிமிடம் கழித்து

"செங்குத்தான" என்று எழுதியது தப்பு. ஏணி வைத்த மாதிரி இல்லை, சில மைல் தூரத்தில் அவ்வளவு இறங்குகிறது. மேலே நின்று எட்டிப் பார்த்தவன் எழுதினது, மன்னிக்கவும்.

மே 17

பெயர்களைப் பற்றி ஒருவர் தனியாகக் கேட்டிருந்தார். மல்ஹியூர் என்பது பிரெஞ்சில் துரதிர்ஷ்டம். தோல் வியாபாரத்துக்கு வந்தவர்கள் வைத்தது. டானர் உண்ட் பிளிட்ஸன் ஆறு ஜெர்மன்: இடியும் மின்னலும். 1864-ல் இடிமழையில் ஆற்றைக் கடந்த சிப்பாய்கள் வைத்தார்கள். ஸ்டீன்ஸ் என்பது 1860-ல் வந்த ராணுவ மேஜர் ஈனக் ஸ்டீனின் பெயர். அந்த மலையைத் தங்கள் நிலமாக வைத்திருந்த பையூட் பழங்குடி மக்களைத் துரத்தி வந்தவர். 1872-ல் அவர்களுக்கென்று மல்ஹியூர் ஒதுக்கீட்டு நிலம் என்று ஒன்றை அறிவித்து, 1878-ல் பழங்குடியினரோடு நடந்த பானக் போருக்குப் பிறகு அதையும் இல்லாமல் ஆக்கினார்கள். பிடித்தவர்களை நடுக்குளிரில் வடக்கே யாக்கிமாவுக்கு நடத்திப் போனார்கள். டோப்போ ஷீட்டில் எந்தப் பெயர் நிலைத்திருக்கிறது என்று பார்த்தாலே யார் கையில் பேனா இருந்தது என்று தெரிந்துவிடும்.

சிரிக்க ஒன்று. மலைமேல் ஒரு புல்வெளிக்கு ஆட்டிடையர்கள் வைத்த பெயர், அந்தக் காலத்தில் அங்கே கூடாரம் போட்டிருந்த தாசி வீட்டைக் குறிப்பது. அதிகாரிகள் கூச்சப்பட்டு அதைக் 'குறும்புக்காரி புல்வெளி' என்கிற தோரணையில் மாற்றினார்கள். உள்ளூர்க்காரர்கள் விடவில்லை. 1980-களில் பழைய பெயரே தாளுக்குத் திரும்பிவிட்டது. குழந்தைகளோடு போகிறீர்கள், அந்தத் தாளை மடித்து வையுங்கள்.

மே 21

நீங்கள் கேட்காததைச் சொல்கிறேன். பழுப்புக் கோட்டை நம்பலாம், தண்ணீரைக் காட்டும் நீலத்தை நம்பாதீர்கள்.

2014 ஆகஸ்டில் நானும் என் அண்ணனும் மலையின் தெற்குப் பக்கம் நடக்கப் போனோம். ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர். தாளில் இரண்டு ஊற்று போட்டிருந்தது. 'ஊற்று' என்று நீல எழுத்தில் கையால் எழுதின மாதிரி இருக்கும். நிஜமாகவே கையெழுத்துதான், 1980-களில் வேலையை சீக்கிரம் முடிக்கத் 'தற்காலிகப் பதிப்பு' என்று அச்சு எழுத்துப் பதிக்காமலே சில தாள்களை வெளியிட்டார்கள். முதல் ஊற்றில் போய் நின்றால் மாட்டுக் குளம்பு பதிந்து காய்ந்த சேறு. குழிகள் செங்கல் மாதிரி இறுகிக் கிடந்தன. ஒரு தாடை எலும்பு. ஈரம் என்று ஒன்றுமில்லை.

இரண்டாவது ஊற்று இன்னும் ஒன்றரை மைல். அண்ணன் பேசுவதை நிறுத்திவிட்டான், அவன் பேசாவிட்டால் ஆபத்து என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அங்கே போனால் முள்கம்பி வேலி போட்டு அடைத்த ஒரு திட்டு, உள்ளே பச்சைப் புல். தண்ணீர் எங்கே? புல்லுக்குள் ஒரு கறுப்புக் குழாய் தலைகாட்டியது. அது போன வழியே கீழே இறங்கினோம். கால் மைலுக்கு மேல். முடிவில் வட்டமான இரும்புத் தொட்டி, அதில் சுண்டுவிரல் கனத்தில் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. தொட்டிக்குள் ஓரமாகச் சாய்வாக ஒரு பலகை மாட்டியிருந்தது. குடிக்க வந்து விழுந்துவிடும் குருவியும் அணிலும் ஏறி வெளியே போக. மேலே பாசி, பக்கத்தில் பத்துப் பன்னிரண்டு கறுப்பு மாடுகள். எங்களைப் பார்த்து வழி விடவில்லை. வடிகட்டிக் குடித்தோம்.

சாயங்காலம் பிக்கப்பில் வந்த பண்ணைக்காரர் தாளை வாங்கிப் பார்த்துச் சிரித்தார். மலை தண்ணீரை விடும் இடம் இது, மாட்டுக்குத் தண்ணீர் இருக்கும் இடம் நான் வைத்த இடம், என்றார். அவர் சொன்னதை அன்றைக்கு வேடிக்கையாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

மே 22

போனில் ஜி.பி.எஸ். வேலை செய்யும், சிக்னல் வேண்டாம், அதனால் பழைய தாளில் இருப்பிட எண்ணைப் பார்த்துப் போட்டால் போதும் என்று ஒரு யோசனை வந்திருக்கிறது. கவனம். பழைய தாள்கள் 1927-ஆம் ஆண்டு அடிப்படை அளவில் வரைந்தவை, அதாவது இருப்பிட எண்களை எங்கிருந்து எண்ணுவது என்று அப்போது வைத்த கணக்கில். போன் வேறு அடிப்படையில் ஓடுகிறது. இரண்டுக்கும் அந்தப் பக்கம் சுமார் 100 மீட்டர் வித்தியாசம். தாளின் ஓரத்தில் பொடி எழுத்தில் எழுதியிருக்கும், அதைப் படித்துவிட்டுப் போனில் அமைப்பை மாற்றுங்கள்.

அந்த 1927 அளவின் மூலப்புள்ளி எங்கே தெரியுமா? கான்சஸில் மீட்ஸ் ராஞ்ச் என்கிற மாட்டுப் பண்ணை. ஒரு காலத்தில் அமெரிக்கா முழுக்க நிலம் அளந்தவன் எல்லோரும் ஒரு மேய்ச்சல் வயலில் புதைத்த வெண்கல முளையிலிருந்துதான் எண்ணியிருக்கிறான்.

ஜூன் 4

திருத்தம். 100 மீட்டர் என்றது அட்சரேகை, தீர்க்கரேகை போட்டுத் தேடினால். யூ.டி.எம். என்கிற, மீட்டரில் எண்ணும் சதுரக் கட்டத்து எண்களைப் போட்டால் வடக்கு தெற்காக 200 மீட்டர் தள்ளிப் போகும். எனக்கே இது நடந்திருக்கிறது, சொல்ல வெட்கமாக இருந்ததால் முதலில் விட்டுவிட்டேன். 200 மீட்டர் பெரிதா என்றால், நடுவில் பள்ளத்தாக்கு இருந்தால் பெரிது.

"கோட்டை நம்பலாம்" என்றதிலும் கொஞ்சம் குறைத்துக்கொள்ள வேண்டும். அந்த நாட்டில் மேடுகளின் விளிம்பில் கறுப்புப் பாறைச் சுவர் ஓடும், ரிம்ராக் என்பார்கள். இருபத்தைந்து முப்பது அடி உயரம். கோடு 40 அடிக்கு ஒன்று. ஆக அந்தச் சுவர் இரண்டு கோட்டுக்கு நடுவில் நுழைந்து ஒளிந்துகொள்ளும். தாளில் லேசான சரிவு, நேரில் போனால் கால் வைக்க இடமில்லாத சுவர். முக்கால் மணி நேரம் விளிம்போடு நடந்து ஒரு இடுக்கைக் கண்டுபிடித்து இறங்கினேன். தாள் பொய் சொல்லவில்லை. அச்சுத் தரமே, சோதித்த புள்ளிகளில் நூற்றுக்குத் தொண்ணூறு, கோட்டு இடைவெளியில் பாதிக்குள், அதாவது 20 அடிக்குள், சரியாக இருந்தால் போதும் என்பதுதான்.

ஜூன் 5

சிவப்புக் கோடுகள் என்ன என்று கேட்டிருந்தீர்கள். அவை நிலத்தைக் கட்டமாக வெட்டினது. போர்ட்லண்ட் பக்கம் 1851-ல் ஒரு முளை அடித்து, அங்கிருந்து மாநிலம் முழுக்க ஆறு மைலுக்கு ஆறு மைல் கட்டம். ஒவ்வொன்றையும் 36 துண்டாக்கினார்கள். ஒரு துண்டு 640 ஏக்கர். மலை, பள்ளம், எரிமலைப் பாறை எதையும் பார்க்காமல் கோடு நேராகப் போகும். ஏரியில் மட்டும் நேராகப் போக முடியாது. அங்கே சர்வேயர் கரையோரமாக வளைந்து வளைந்து அளப்பார். அதற்கு மியாண்டர் கோடு என்று பெயர். கரையோர நிலத்தை அந்தக் கோடு வரை அளந்து விற்றார்கள்.

மல்ஹியூர் ஏரியில்தான் வம்பு. ஆழம் சில அடிதான், தண்ணீர் வெளியேற வழி கிடையாது. மலைப் பனியைப் பொறுத்து ஒரு வருஷம் விரியும், ஒரு வருஷம் சுருங்கும். ஓரடி ஏறினால் பல ஆயிரம் ஏக்கர் முழுகும். தண்ணீர் பின்வாங்கியபோது கோட்டுக்கும் தண்ணீருக்கும் நடுவில் நல்ல புல் வளர்ந்த பெரிய நிலப்பட்டை வெளியே வந்தது. அது யாருடையது?

பீட் ஃபிரெஞ்ச் என்று ஒரு பெரிய பண்ணைக்காரர். 1872-ல் கலிஃபோர்னியாவிலிருந்து மாடு ஓட்டி வந்து, பிளிட்ஸன் ஆற்றோரமாகத் துண்டு துண்டாக நிலம் சேர்த்து ஒரு லட்சம் ஏக்கருக்கு மேல் ஆண்டவர். ஃபிரெஞ்ச்கிளென் என்பதே அவர் பெயரும் பணம் போட்ட கிளென் என்பவர் பெயரும் சேர்ந்ததுதான். பிரெஞ்சுக்காரர்களுக்கும் அந்த ஊருக்கும் சம்பந்தமில்லை. கரை என்னுடையது, அதனால் தண்ணீர் விட்டுப்போன தரையும் என்னுடையது என்பது அவர் கட்சி. அது அரசாங்க நிலம், எங்களுக்குக் குடியேற உரிமை உண்டு என்பது சின்னக் குடியானவர்கள் கட்சி. கோர்ட், கேஸ், வேலி வெட்டு. நிலத் தகராறு முற்றி 1897 டிசம்பர் 26 அன்று எட் ஆலிவர் என்ற குடியானவர் அவரைச் சுட்டுக் கொன்றார். உள்ளூர் ஜூரி ஆலிவரை விடுதலை செய்தது. ஏரித் தரை கடைசியில் யாருக்கு என்பதை 1935-ல் உச்ச நீதிமன்றம்தான் மத்திய அரசுக்கு என்று முடித்தது.

ஒன்றுமில்லாத இடம் என்றீர்களே, அதனால் எழுதினேன்.

ஜூன் 11

நேற்று ஒரு வேலை செய்தேன், முன்னாலேயே செய்திருக்கலாம். மத்திய அரசின் நில மேலாண்மைப் பணியகம் வெளியிடும் வேறொரு மேப் இருக்கிறது. அதில் மஞ்சள் என்றால் பணியகத்தின் நிலம், வெள்ளை என்றால் தனியார். கவுன்ட்டியில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு மத்திய அரசின் நிலம் என்பதால் அந்த மேப் முழுக்க மஞ்சள். இந்தத் தாளில் வெள்ளை என்றால் மரமில்லை, அந்தத் தாளில் வெள்ளை என்றால் ஆளிருக்கிறான். இதைக் குழப்பிக்கொண்டு நான் ஒரு தடவை ஒருவர் வைக்கோல் வயலில் கூடாரம் அடித்திருக்கிறேன். காலையில் ஒரு நாய் எழுப்பியது.

அந்த இரண்டு தாளையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து ஜன்னல் கண்ணாடியில் ஒட்டிப் பார்த்தேன். மஞ்சளுக்கு நடுவில் வெள்ளை எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் அடியில் நீலம். ஆறு ஓடும் பட்டை வெள்ளை. ஒற்றை ஊற்றைச் சுற்றி 160 ஏக்கர் வெள்ளைச் சதுரம், அதைச் சுற்றி பத்து மைலுக்கு மஞ்சள். 1862 குடியேற்றச் சட்டப்படி ஓர் ஆளுக்கு 160 ஏக்கர்தான் கிடைக்கும். ஈரமில்லாத 160 ஏக்கரில் அங்கே பத்து மாடு கூடப் பிழைக்காது. ஆனால் ஊற்றிருக்கும் 160 ஏக்கரை வாங்கிவிட்டால் சுற்றியிருக்கும் வறண்ட நிலத்தை வேறு யாரும் வாங்கிப் பிரயோஜனமில்லை. வாங்காமலே அது உங்களுடையது. 1934 டெய்லர் மேய்ச்சல் சட்டம் வந்து உரிமம் கொடுக்கத் தொடங்கியபோதும் பக்கத்தில் சொந்த நிலமோ தண்ணீரோ வைத்திருந்தவருக்குத்தான் முன்னுரிமை. 2022-ல் கட்டணம் ஒரு பசுவுக்கும் கன்றுக்கும் மாசம் 1.35 டாலராக இருந்தது.

2014-ல் அந்தப் பண்ணைக்காரர் ஏன் சிரித்தார் என்று இப்போதுதான் புரிகிறது. மே 21 குறிப்பில் நீலத்தை நம்பாதீர்கள் என்று எழுதினேன். தண்ணீர் தேடுபவனுக்கு அது சரி. நிலம் ஏன் இப்படிப் பிரிந்து கிடக்கிறது என்று தெரிய வேண்டுமென்றால் நீலத்தை மட்டும்தான் பார்க்க வேண்டும்.

ஜூலை 24

போய் வந்துவிட்டீர்கள், சந்தோஷம். கைகர் பள்ளத்தாக்கு படம் நன்றாக இருக்கிறது. தாளில் அதன் அடிப்பகுதியில் கோடுகள் அகலமாகவும் இரண்டு பக்கமும் நெருக்கமாகவும் இருப்பதை நீங்களே கவனித்தது மகிழ்ச்சி. பனியாறு குடைந்த பள்ளம் அப்படித்தான், தொட்டில் மாதிரி.

கம்பிக் கதவைத் திறக்க முடியவில்லை என்று எழுதியிருந்தீர்கள். அது எல்லோருக்கும் நடப்பது. வேலியிலேயே ஒரு துண்டு அது. மூன்று நாலு குச்சியில் முள்கம்பியை இழுத்துக் கட்டி, கடைசிக் குச்சியைக் கம்பத்தில் ஒரு கம்பி வளையத்தில் செருகியிருப்பார்கள். கையால் இழுத்தால் வராது. கம்பத்துக்குப் பின்னால் கையைச் சுற்றிக் குச்சியைக் கட்டிப் பிடித்து, தோளால் அழுத்த வேண்டும். ஒரு விரற்கடை தளரும், அப்போது வளையத்தை மேலே தள்ளணும். திறந்திருந்தால் திறந்தபடி, மூடியிருந்தால் மூடியபடி விட்டுப் போவதுதான் அங்கே மரியாதை. மாட்டைத் தண்ணீருக்கு விடுவதற்காகத் திறந்து வைத்திருப்பார்கள், நாம் நல்ல பிள்ளையாக மூடிவிட்டால் மந்தையே தவிக்கும்.

2023 ஏப்ரல் 30

ஊருக்கு உபதேசம் செய்தவன் கதையைக் கேளுங்கள். போன வாரம் ஆல்வர்டில் கார் இறங்கிவிட்டது. மேலே பிஸ்கட் மாதிரி காய்ந்த தோல், அடியில் களி. 1976-ல் கிட்டி ஓ'நீல் மணிக்கு 512 மைல் ஓட்டிச் சாதனை செய்த தரை, நான் மணிக்கு ஐந்து மைலில் அச்சு வரை புதைந்தேன். தாளில் அந்த இடத்துக்கு நீலக் கோடிட்ட நிரப்பு, அதாவது சில காலம் மட்டும் நீர் நிற்கும் ஏரி. எத்தனை தடவை அதை மற்றவர்களுக்கு விளக்கியிருக்கிறேன்! இழுத்துவிட வந்தவர் கேட்ட தொகையை இங்கே எழுத மாட்டேன், மனைவியும் இதைப் படிக்கிறாள்.

காத்திருந்த நாலு மணி நேரத்தில் ஒன்று கவனித்தேன். மலையடிச் சரிவில், சாயங்கால வெயிலில், படிக்கட்டு மாதிரி மெல்லிய வரிகள் கிடைமட்டமாக ஓடின. பனியுகத்தில் அங்கே பெரிய ஏரி நின்றதன் பழைய கரைகள். சமஉயரக் கோட்டை யாரோ மலைமேலேயே வரைந்து வைத்த மாதிரி.

2024 ஜூன் 16

புதிய தாள் வாங்கலாமா பழையதா என்று புதிதாக ஒருவர் கேட்கிறார். இரண்டும் இலவசம், இரண்டையும் இறக்குங்கள். 2009-லிருந்து வரும் புதிய வரிசை கணினித் தரவிலிருந்து தானாக உருவாகிறது. சாலைப் பெயர் எல்லாம் சரியாக இருக்கும். ஆனால் ஆள் நடந்து போய்ப் பார்த்துப் போட்ட காற்றாலை, தொட்டி, மாட்டுப் பட்டி, வேலி எல்லாம் பல தாள்களில் காணாமல் போய்விட்டன. பழைய தாளில் காந்த ஊசி விலகல், அதாவது திசைகாட்டி ஊசி உண்மை வடக்கிலிருந்து விலகி நிற்கும் அளவு, அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், அச்சடித்த பிறகு நாலு பாகைக்கு மேல் மாறியிருக்கிறது.

இந்த மாசம் அண்ணனோடு அந்த இரண்டு ஊற்றுக்கும் திரும்பப் போனேன். முதலாவதில், அன்று எலும்பு கிடந்ததில், இந்த வருஷம் கணுக்கால் அளவு தண்ணீர், சேற்றில் மாட்டுத் தடமும் மானின் தடமும். இரண்டாவதில் குழாய் உடைந்து தொட்டி காலி. பலகை மட்டும் இன்னும் மாட்டியிருக்கிறது. பென்சிலால் இரண்டையும் தாளில் குறித்து, தேதி போட்டிருக்கிறேன். அந்தப் பக்கம் யாராவது போனால் சொல்லுங்கள், ஸ்கேன் செய்து அனுப்புகிறேன்.